ஓரத்தில் கடைசிக் குறிப்பு

கல்லூரி நூலகத்தின் ஜன்னலோர மேஜையில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. இன்றைக்குள் அசைன்மென்ட்டை அனுப்பியாக வேண்டும். மூன்று பேர் பங்கு பிரித்து எழுதியது. இப்போது லேப்டாப்புக்கு முன் இரண்டே பேர். திட்டம் போட்டுக் கொடுத்த மூன்றாமவளைப் போன வாரம் ஒரு லாரி அடித்துக் கொன்றுவிட்டது. யார் எழுதினாலும் திருத்தித் தள்ளுகிறாளே என்று அவளுக்கு டீச்சரம்மா பட்டம் கட்டியவன், இப்போது மவுஸைப் பிடித்திருக்கும் இவன்தான். கட்டுரையின் ஓரத்தில் அவள் போட்டுவைத்த குறிப்புகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்து அழித்துக்கொண்டே வந்தவன், கடைசிக் குறிப்பில் வந்து நிற்கிறான். ‘ஆதாரம் எங்கடா சோம்பேறி? உங்க தாத்தாவா சொன்னாரு?’ ஆதாரத்தைச் சேர்த்தாகிவிட்டது. குறிப்பை அழிப்பதுதான் பாக்கி. விரல் மவுஸின் மேலேயே தயங்குகிறது. “அழிடா. இதோட அனுப்பினா சார் மார்க்கைக் குறைச்சிடுவாரு,” என்கிறான் நண்பன் நெட்டை, திரையைப் பார்க்காமல். “நீ அழியேன்.” “என்னால முடியாதுடா.” மேலே மின்விசிறி கடகடக்கிறது. எங்கோ ஒரு நாற்காலி இழுபடுகிறது. இவன் குறிப்புக்குக் கீழே, ‘போட்டுட்டேன், பாரு’ என்று தட்டுகிறான். இருவரும் கொஞ்ச நேரம் காத்திருக்கிறார்கள். பிறகு அழிக்கிறான். ஓரம் வெறும் வெள்ளையாகிறது. கட்டுரையில் இனித் திருத்த ஒன்றுமில்லை.