மணல் பூ

மாமல்லபுரம் கடற்கரையில் குழந்தைகளுக்கு மணல் ஓவியப் போட்டி. எல்லோரும் வரைந்துகொண்டிருக்க, காயத்ரியின் மகள் தாரணி மட்டும் குந்தியபடி ஈர மணலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சும்மா குந்திகினு இருக்கவாடி நாவலூர்லேர்ந்து இட்டாந்தேன்? பரிசு இல்லாம வூட்டுக்குப் போனா அத்தைங்க சிரிப்பாங்க” என்று அதட்டினாள் காயத்ரி.

தாரணி மணலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

போட்டி நடத்தும் ஜாய்ஸ் டீச்சர் வந்து நின்றார். தாரணியின் முன்னால், மிளகளவு மணல் உருண்டைகள் வரிசை வரிசையாகச் சேர்ந்து ஒரு பெரிய பூவாக விரிந்திருந்தன.

“அடேயப்பா, யார் செஞ்சது?”

“எம் பொண்ணுதான் மேடம்” என்றாள் காயத்ரி சட்டென்று.

“இதுக்குத்தான் முதல் பரிசு. எப்படிச் செஞ்சேன்னு ரெண்டு வரி எழுதிக் குடு கண்ணு.”

தாரணி எழுதிக் கொடுத்தாள். ஜாய்ஸ் எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார்:

“இதை நான் செய்யவில்லை. ஒரு குட்டி நண்டு செய்தது. மணலைத் தின்று தின்று உருண்டையாகத் துப்பியது. நான் அசைந்தால் வளைக்குள் ஓடிவிடும். அதனால் மூச்சைக்கூட மெதுவாக விட்டேன்.”

காயத்ரி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

“ரெண்டு வரி கேட்டேன், அஞ்சு வரி எழுதிட்டா” என்று ஜாய்ஸ் சிரித்தார். “பரிசு இந்த எழுத்துக்கு.”

தாரணி பரிசை வாங்கவில்லை.

“அப்ப நண்டுக்கு இன்னா டீச்சர்?”