அடர்சாம்பல்

தென்காசி வீட்டின் படுக்கையறைக்கு மாரிச்செல்வி வெளிர்சாம்பல் கேட்டாள். கணவர் தளவாய் அடர்சாம்பல்தான் என்று பிடிவாதமாக நின்றார். கடையில் கொடுத்த மாதிரி அட்டைகளைச் சுவரில் வைத்துப் பார்த்தபோது இரண்டுக்கும் ஒரு படிதான் வித்தியாசம்.

"சரி, ஒங்க இஷ்டம்" என்றாள், எப்போதும்போல.

பெயிண்ட் அடிக்கும் முன்பே இறந்துபோனாள்.

குற்றாலச் சாரல் ஓய்ந்ததும் பெயிண்டர் புவனேஷ் வந்தான். "அண்ணாச்சி, எந்தக் கலரு?"

"அவ கேட்டதையே அடிலே. அன்னைக்கே நான் சரின்னு சொல்லிருக்கணும்."

அடர்சாம்பல் வாங்கவே இல்லை. மாலைக்குள் நான்கு சுவரும் வெளிர்சாம்பல் ஆயின. தளவாய் அறையைப் பூட்டிவிட்டுக் கூடத்தில் படுத்தார்.

காலையில் திறந்தபோது, அவர் வழக்கமாகப் படுக்கும் பக்கத்துச் சுவர் அடர்சாம்பலாக இருந்தது. தொட்டார், விரலில் ஒட்டியது.

அந்த நிறம் மேலே வரை போகவில்லை. மாரிச்செல்வியின் கை எட்டும் உயரத்தோடு நின்றிருந்தது.