வேலியோர மரம்

அந்த ஜாதிக்காய் ரகம் அவள் கணவர் உருவாக்கியது. காய் கனம், கொட்டையைச் சுற்றிய சிவப்பு ஜாதிபத்திரி தடிமன். வியாபாரிகள் வாசலில் போட்டி போட்டார்கள். ஒட்டுக்கன்று கேட்ட எல்லோருக்கும் கொடுத்தார். பக்கத்துத் தோட்டத்துச் சகலைக்கு மட்டும் கையை விரித்தார்.

"அண்ணே, வேலியோரம் ஒரு ஜாதி மரம் காய்க்காம தண்டத்துக்கு நிக்குது. அதை வெட்டிட்டு உங்க ரகத்தை வைக்கிறேன். ரெண்டு கன்னு குடுங்க."

"முடியாது."

தங்கை முகத்தில் எப்படி விழிப்பது? அவள் கூனிக் குறுகிப் போனாள். கணவர் வெளியூர் போன அன்று, தங்கையைக் கூப்பிட்டு இரண்டு கன்றுகளைக் கையில் கொடுத்தாள்.

அவர் திரும்பியபோது வேலிக்கு அப்பால் மரம் சாய்ந்து கிடந்தது. தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டே ரெண்டு கன்னுதானேங்க! என் கூடப்பொறந்தவகிட்டயா கஞ்சத்தனம்?"

"கன்னு போனா போகுதுடி. ஜாதிக்காயில ஆண் மரம் காய்க்காது. ஆனா அதோட மகரந்தம் இல்லாம பெண் மரமும் காய்க்காது. நம்மகிட்ட இருக்கறது அத்தனையும் பெண் மரம். அக்கம்பக்கத்துல இருந்த ஒரே ஆண் மரம் அதுதான்."

அவள் வேலிக்கு அப்பால் கிடந்த மரத்தைப் பார்த்தாள்.

"இதை அவர்கிட்ட சொல்லியிருக்கலாமேங்க?"

"சொன்னா, என் ரகத்துக்கு அப்பனே அவன் மரம்தான்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிப்பானே!"