தட்டிப் பார்த்த சக்கரம்

இன்ஸ்பெக்டர் தில்லைநாயகம் பிள்ளை வலது சக்கரத்தைப் பிரம்பால் தட்டினார்.

கணீரென்று கேட்டது. நேசையாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

முனிசிபல் ஆபீஸ் வேப்பமரத்தடிக்கு அவன் தன் குதிரைவண்டியைச் சோதனைக்குக் கொண்டுவருவது இது முதல் தடவை இல்லை. முதலில் கூண்டைத் தாங்குகிற வில் சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். வில்லை மாற்றினான். அப்புறம் அச்சு வளைசல் என்றார்கள். அதையும் மாற்றினான். கூண்டு, படி, சேணம் என்று கையில் இருந்த காசெல்லாம் வண்டிக்குள்ளேயே போய்விட்டது. இனி வீட்டில் மிச்சம் பெண்டாட்டியும் வேதபுத்தகமும்தான்.

பழைய வண்டி. வள்ளியூர் முத்துமாலையிடம் வாங்கியது. வாங்கும்போது பெயிண்ட் வாசம் மூக்கைத் துளைத்தது. ஒரு குறையும் கிடையாது என்று முத்துமாலை கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணினான்.

நேசையா வேதக்காரன். சத்தியமே பண்ணக் கூடாது என்று சர்ச்சில் ஐயர் பிரசங்கத்தில் சொல்லக் கேட்டு வளர்ந்தவன். அப்படிப்பட்ட சத்தியத்தை ஒருத்தன் துணிந்து பண்ணுகிறான் என்றால் அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துவிட்டான். அட, பாவி மனுஷா!

கடைசியில் மிஞ்சியது சக்கரம். நடுக்குடம் விரிந்து, ஆரக்கால் ஒவ்வொன்றும் கிழவன் பல் மாதிரி ஆடியது. இதைச் செப்பனிட முடியாது, புதுசுதான் போட வேண்டும் என்று ஆசாரி கையை விரித்துவிட்டார். புதுச் சக்கரத்துக்கு நேசையா எங்கே போவான்?

லைசென்ஸ் இல்லாத வண்டியை ஸ்டேஷன் பக்கம் நிறுத்தக்கூட விடமாட்டார்கள். ஆனித் திருவிழாக் கூட்டமோ ரயிலில் வந்து இறங்க ஆரம்பித்துவிட்டது. அதை விட்டால் குதிரைக்கும் பட்டினி, வீட்டுக்கும் பட்டினி.

பிச்சைக்கண்ணுதான் வழி சொன்னான். அவனும் ஸ்டேஷனில் வண்டி ஓட்டுகிறவன்தான். அவன் வண்டிக்குப் போன மாதம்தான் புதுச் சக்கரம் போட்டிருந்தான். ஊரில் முக்கால்வாசி வண்டி ஒரே ஆசாரியின் கைவேலை. ஒன்றின் சக்கரம் இன்னொன்றில் அப்படியே ஏறிவிடும். காலையிலிருந்து ஆபீஸுக்குப் பின்னால் வாய்க்கால் கரையில் மாட்டுவதும் கழற்றுவதுமாக, அந்த ஒரு ஜோடிச் சக்கரம்தான் ஸ்டேஷன் வண்டிகளையெல்லாம் பாஸ் பண்ணிக்கொண்டிருந்தது.

இப்போது நேசையாவின் வண்டியில் கணீரென்றதும் அதுதான்.

பிள்ளை இடது சக்கரத்தையும் தட்டிவிட்டு லைசென்ஸ் நம்பர் தகட்டை எடுத்துக் கொடுத்தார். நேசையா ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கடிவாளத்தைப் பிடித்தான்.

"நில்லும்வே. நாளைக்குக் காலையில வண்டியக் கொண்டு நம்ம வீட்டுக்கு வாரும். முன்னீர்பள்ளத்துல மகளுக்கு வளைகாப்பு. அப்படியே பிரசவத்துக்கு இங்கன கூட்டியாரணும்."

நேசையா தன் பழைய சக்கரங்களை நினைத்தான். முன்னீர்பள்ளத்துப் பாதையில் மாட்டுவண்டியே முனகிக்கொண்டுதான் போகும். அதில் தன் சக்கரம் கழன்று, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, உள்ளே ஒரு பிள்ளைத்தாய்ச்சி.

குதிரைக்குக் கால் சரியில்லை என்று சொல்லலாம். ஆனால் குதிரையின் காலை இப்போதுதானே தூக்கிப் பார்த்துச் சரியென்றார்! கையில் தகடு சுட்டது. கொடுத்தால் திரும்ப வராது. கொடுக்காமல் இருக்கவும் மனசு கேட்கவில்லை.

"ஐயா... இந்தச் சக்கரம் என்னுது இல்ல. இரவல்" என்று தகட்டை நீட்டினான்.

பிள்ளை கோபப்படவில்லை. வெயிலில் நின்று நின்று அவருக்கும் முகம் கறுத்துப்போயிருந்தது. தகட்டை வாங்கிக்கொள்ளவும் இல்லை.

"தெரியும்வே. காலையிலேருந்து நான் வேற எதைத் தட்டுதேன்? பிச்சைக்கண்ணுகிட்டச் சொல்லியாச்சு. நாளைக்கும் இதையே மாட்டிட்டு வாரும். வில்லும் அச்சும் உம்ம வண்டியிலதான் புதுசு."

சொல்லிவிட்டு, அடுத்த வண்டியைக் கொண்டுவரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

வாய்க்கால் கரையில் அடுத்தவன் காத்துக்கொண்டிருந்தான். நேசையா நல்ல சக்கரங்களைக் கழற்றிக் கொடுத்தான். புல்லில் சாய்த்து வைத்திருந்த தன் பழைய சக்கரங்களை எடுத்து மாட்டினான். கடையாணியை அடித்து இறுக்கினான். தப்பித்தோம் என்று சந்தோஷப்படத்தான் பார்த்தான். வரவில்லை.

ஆபீஸ் வாசலில் அவன் பெண்டாட்டி சாலோமி தூக்குச்சட்டியோடு நின்றாள். பாளையங்கோட்டையிலிருந்து கொதிக்கிற மண்ணில் நடந்தே வந்திருந்தாள். வண்டி வாங்கின நாளிலிருந்து அவள் அதில் ஏறியதில்லை. பாஸாகட்டும், அன்றைக்கு ஏறுகிறேன் என்று சொல்லியிருந்தாள்.

"பாஸாயிட்டா?"

"ஆயிட்டு."

அவள் தகட்டைத் தொட்டுப் பார்த்தாள். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்று சொல்லிவிட்டு, சேலையை ஒதுக்கிக்கொண்டு ராணி மாதிரி ஏறி உட்கார்ந்தாள். வலது சக்கரம் கடக்கென்றது. அவளுக்குக் கேட்கவில்லை, கீர்த்தனை பாட ஆரம்பித்துவிட்டாள்.

கொஞ்ச தூரம் போனதும்தான் முன்னால் எட்டிப் பார்த்தாள்.

"நீங்க ஏறலையா?"

"குதிரைக்கு அலுப்பா இருக்கு. நீ உக்காரு" என்றான் நேசையா. கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணை வலது சக்கரத்தைவிட்டு எடுக்காமல், வீடுவரைக்கும் பைய நடந்தே போனான்.