ஏப்ரல் மாதத்து சிடி

2008 ஆகஸ்டில், காளவாசல் மாடி அறையில், விசைத்தறி மீட்டரை இயக்கும் மென்பொருளான லினக்ஸ் இமேஜோடு மூன்று வாரமாக மல்லுக்கட்டினேன். ஜூலையில் வந்த லினக்ஸின் புதுப் பதிப்பு, முன்பு இல்லாத நாற்பத்தொரு வசதிகளை வேண்டுமா, வேண்டாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. பதில் சொன்னேன். மூன்று மணி நேரம் ஓடி உருவான இமேஜ், மீட்டரில் ஏற்றியதும் நின்றுபோனது. சில நாள் பாதியிலேயே கரண்ட் போனது.

“திங்கக்கிழமை குடுக்கலன்னா ஆர்டர் போச்சு அண்ணி. அண்ணன் கடைசியா பிடிச்ச ஆர்டரு,” என்றார் என் கணவரின் தொழில் பார்ட்னர் உமர் பாரூக். “பழைய பதிப்புக்கு அவரு பதில் சொல்லி வச்ச ஃபைலப் போட்டுப் பாப்பமா?”

“புதுசா வந்த நாப்பத்தொண்ணையும் திரும்பக் கேக்கும்.”

“கேக்கட்டும். இம்புட்டு நாள் கேட்டுச்சு, இன்னைக்கு மட்டும் வெக்கப்படவா போகுது?”

என் கணவர் கிரிதரன் ஏப்ரலில் இறந்தார். இறப்பதற்கு முந்தின நாள் அவர் எழுதிய சிடியிலிருந்து ஃபைலை எடுத்தேன். எழுதினால் மாற்ற முடியாத சிடி.

கம்ப்யூட்டர் எதையும் கேட்கவில்லை. மாலையில் மீட்டர் ஓடியது.

பாரூக் அதை எடுத்துக்கொண்டு வில்லாபுரம் போன பிறகு ஃபைலைத் திறந்து பார்த்தேன். ஜூலையில் வந்த நாற்பத்தொன்றுக்கும் பதில் இருந்தது. நாற்பது, நான் சொன்னவையே. ஒவ்வொரு முறையும் நான் வேண்டும் என்று அழுத்திய ஒன்றுக்கு மட்டும், அவர் வேண்டாம் என்றிருந்தார்.