பத்தரை மணிக் குதிரை

கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்தில் முத்தாரம்மாள் கேட்டது ஒன்றுதான். இருவரும் சேர்ந்து ஒரு குதிரைச் சவாரி. ஆரியசாலை மிளகு வியாபாரி கோலப்பன் அவளைப் போனக்காட்டு மலையில் உள்ள குதிரைப் பண்ணை விடுதிக்கு அழைத்து வந்துவிட்டார். ஆனால் நாற்காலியை விட்டு எழவில்லை.

"வெள்ளிக்கிழமை பத்தரையிலேருந்து பன்னெண்டு வரை ராகுகாலம். ஏறப்பிடாது, கேட்டியா."

"சரி," என்று முத்தாரம்மாள் குதிரைக்குக் கேரட் கொடுத்தாள். குதிரை தும்மியது. கோலப்பன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

பன்னிரண்டு ஆனதும் வருத்தமாக எழுந்தார். "நம்ம நேரம் முடிஞ்சு போச்சே. வா, போவோம்."

விடுதி மேலாளர் சுதீஷ் ஓடிவந்தான். "எங்க போறீங்க சாரே? இப்பம்தானே உங்க நேரம் தொடங்குது. பத்தரைதான் வேணும்னு நீங்க மூணு தடவை போன்ல விளிச்சீங்க. நேத்து அம்மா விளிச்சு பன்னெண்டுன்னு மாத்தியாச்சல்லோ!"

கோலப்பன் திரும்பினார். முத்தாரம்மாள் குதிரைமேல் இருந்தாள்.

"இன்னைக்கு எனக்குச் சந்திராஷ்டமம் வேற," என்றார் மெல்ல.

"அது எனக்குல்லா, உங்களுக்கில்லை. காலண்டரை நானும் பாத்துட்டுத்தான் வந்தேன். ஏறுங்க."