மூன்றாம் நம்பர் குழாய்

"மறுபடியும் மூணாம் நம்பர்தான்க்கா! இருநூத்திப் பத்து!"

ரத்தம் எடுப்பவள் திரையைப் பார்த்துக் கத்தியதும், சீனியர் டெக்னீஷியனுக்கு அப்படியே தரையில் உட்கார்ந்துவிடலாமா என்று இருந்தது. காலையிலிருந்து இதே பாட்டு. இருபத்தாறு வருஷமாக இந்த லேபில் அடுத்தவர் ரத்தத்தோடு குடும்பம் நடத்துகிறாள். இப்படி ஒரு வம்பு பிடித்த குழாயைப் பார்த்ததே இல்லை.

விஷயம் இதுதான். மூட்டுவாதத்தை ரத்தத்திலேயே முன்கூட்டிக் காட்டிக்கொடுக்கும் பரிசோதனைக்குப் புது கிட் வந்திருந்தது. நோயாளிகளின் ரத்தத்தைத் தொடுவதற்கு முன், நோயில்லாதவர் ரத்தத்தை வைத்து கிட் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பது அங்கே வழக்கம். அதற்காக வெளியே போய் ஆள் தேடுவார்களா? லேபில் வேலை செய்கிற ஐந்து பேரின் ரத்தம்தான். குழாயில் பெயர் கிடையாது, வெறும் நம்பர். யார் எந்த நம்பர் என்பது ரத்தம் எடுப்பவளின் ரிஜிஸ்டரில் மட்டும் இருக்கும்.

அளவு இருபதுக்குள் இருந்தால் நல்ல ரத்தம். நாலு குழாய்கள் சமர்த்தாகப் பத்துக்கும் பதினைந்துக்கும் நடுவில் நின்றன. மூணாம் நம்பர் மட்டும் மூன்று தடவையும் இருநூறைத் தாண்டிவிட்டது.

"கிட்டுலதான் கோளாறு. திருப்பி அனுப்பிடலாம்," என்றாள் சீனியர்.

"அனுப்பினா வெளியில காத்திருக்கிற பதினோரு பேருக்கு ரிப்போர்ட் இன்னும் பத்து நாள் இழுக்குமேக்கா. கம்பெனிக்காரர் வேற சத்தியம் பண்றாரு. கிட் நல்லாத்தான் இருக்கு, ஆளைப் பாருங்கன்னு."

"நம்ம ஆளுங்களுக்கு என்ன கேடு? கூட்டுற அம்மா தனியா நின்னு பீரோவை நகர்த்துறாங்க. டிரைவருக்கு இருபத்தஞ்சு வயசு. ரிசப்ஷன் பொண்ணு மாடிப்படியை ரெண்டு ரெண்டாத் தாண்டுறா. மிச்சம்..."

இருவரும் ஒரே நேரத்தில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பார்த்தார்கள். செக்யூரிட்டி நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டிருந்தார்.

"ஐயோ... சாமி!"

உட்கார்ந்தால் ஒரு ஐயோ, எழுந்தால் ஒரு ஐயோ சாமி. லேபில் அவருக்குப் பேரே ஐயோசாமிதான்.

"அடப் பாவமே," என்றாள் சீனியர். அந்த மனுஷனை எத்தனை தடவை கிண்டல் பண்ணியிருப்பாள்!

"எதுக்கும் ரிஜிஸ்டரைப் பார்த்துட்டு வந்துடறேன்க்கா."

"பாரு. அதுக்குள்ள நான் அவர்கிட்ட பக்குவமாப் பேசி வைக்கிறேன். போறப்ப இந்தத் தண்ணி பாட்டிலைக் கொஞ்சம் திறந்து குடுத்துட்டுப் போ. சொட்டு விடுற பைப்பட்டைப் பிடிச்சுப் பிடிச்சு விரலெல்லாம் வெறச்சுப் போச்சு."

ஐயோசாமி உள்ளே வந்து, ஐயோ என்று உட்கார்ந்தார்.

"அண்ணே, பயப்படக் கூடாது," என்று ஆரம்பித்தாள் சீனியர். "உங்க ரத்தத்துல ஒண்ணு தெரியுற மாதிரி இருக்கு. உடம்பு தன்னோட மூட்டையே எதிரின்னு நெனச்சுக் கடிக்கிற வியாதி. ஆனா ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சுட்டா மாத்திரை இருக்கு. சும்மா விட்டாத்தான் விரல் கோணிப்போகும்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"கோணிப்போகுமா? நான் ஒண்டிக்கட்டைம்மா. கை போச்சுன்னா எனக்கு யாரு சோறு ஊட்டுவா?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, நாங்க இருக்கோம். உண்மையைச் சொல்லுங்க. காலையில எழுந்ததும் விரலை மடக்க முடியுதா?"

"விரலா? அது ஜோரா மடங்குதே! முட்டிதான் பிராணனை வாங்குது."

பயத்தில் மறைக்கிறார் என்று நினைத்தாள் சீனியர். அசதியில் கொஞ்சம் கோபமும் வந்தது.

"எங்கிட்டயே கதை விடாதீங்கண்ணே. எழுந்ததும் யாருக்குத்தான் விரல் மடங்கும்? ஒரு மணி நேரமாவது ஆகும். வெந்நீர்ல முக்கி எடுத்தாத்தானே சட்டை பட்டனே போட முடியும்? அது எல்லாருக்கும் இருக்கறதுதான். அதுக்கு மேல எவ்வளவு நேரம் ஆகுது, அதைச் சொல்லுங்க."

"எனக்கு அப்படியெல்லாம் இல்லவே இல்லையேம்மா," என்று ஐயோசாமி திருதிருவென விழித்தார்.

ரத்தம் எடுப்பவள் ரிஜிஸ்டரோடு வாசலில் வந்து நின்றாள். எப்போது வந்தாளோ தெரியவில்லை.

"அக்கா, அண்ணன் நாலாம் நம்பர். பன்னெண்டுதான். அவர் ரத்தத்துல ஒண்ணும் இல்லை."

"சாமி!" என்று துள்ளி எழுந்தார் அவர். முதல் முறையாக ஐயோ இல்லாமல் எழுந்தார். "வயித்துல பாலை வார்த்தம்மா! அப்போ அந்த மூணாம் நம்பர் யாரு? பாவம், யாரு பெத்த பிள்ளையோ."

"யாரா இருந்தாலும் சரி, இன்னிக்கே டாக்டர்கிட்ட அனுப்பணும். ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது," என்றாள் சீனியர். "யாருடி அது? சொல்லேன்."

ரத்தம் எடுப்பவள் ரிஜிஸ்டரை மேஜைமேல் வைத்துவிட்டு அருகில் வந்தாள். சீனியரின் வீங்கிய விரல்களை வலிக்காமல் எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு ரத்தம் குடுக்க ஒரு ஆள் குறையுதுன்னு நீங்கதானேக்கா கையை நீட்டினீங்க?"